சாறு மட்டும் போதாது, கறியும் கொடுங்கள்

கேள்வி: நான் கீழக்கரையில் இருக்கிறேன். என் உம்மாவுக்கு 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் வைரஸ் காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துவிட்டார். காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாகியும் ‘நாக்கு செத்துப்போச்சு’ என்று சோற்றை ஒதுக்குகிறார். எடை 3 கிலோ குறைந்து இப்போது 50 கிலோ இருக்கிறார். துபாயில் இத்தாலிய உணவகம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி, அங்கே செய்கிற கோழி சூப்பைச் செய்து கொடுக்கச் சொல்கிறான். குட்டி பாஸ்தா, சீஸ், சூப் கட்டி எல்லாம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். உம்மாவுக்குக் கொடுக்கலாமா? சாற்றை மட்டும் வடிகட்டிக் கொடுத்தால் தெம்பு வருமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம் அம்மா. ஆனால் சாற்றை மட்டும் வடிகட்டிக் கொடுக்காதீர்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. கோழியின் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது என்று நினைத்து நோயாளிக்குச் சாற்றைக் கொடுத்துவிட்டு, கறியை மற்றவர்கள் சாப்பிட்டுவிடுகிறார்கள். உண்மையில் புரதத்தில் பெரும்பங்கு கறியிலேயே தங்கிவிடும். 100 கிராம் வெந்த கோழிக்கறியில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கப் தெளிந்த சாற்றில் சில கிராம்தான். இந்த வயதில் ஐந்து நாள் படுத்தாலே தசை கரையத் தொடங்கும். குறைந்த 3 கிலோவில் ஒரு பங்கு தசையாகத்தான் இருக்கும். அதை மீட்க, சிறுநீரகத்தில் கோளாறு இல்லாத பட்சத்தில், உம்மாவின் எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். அதனால் கறியை எலும்பில்லாமல் நார் நாராகப் பிய்த்துச் சூப்பிலேயே போட்டுக் கொடுங்கள்.

உங்கள் தம்பி சொன்ன சூப், இத்தாலியில் உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் வீட்டில் வைத்துக் கொடுப்பதுதான். மணி மணியாக இருக்கும் அந்தப் பாஸ்தாவைப் ‘பாஸ்தீனா’ என்பார்கள். கோழிச்சாற்றில் அது குழைந்து, மெல்லாமலே உள்ளே இறங்கும். நம் நோன்புக் கஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அரிசி செய்கிற வேலையை இதில் கோதுமை செய்கிறது. காய்ச்சலுக்குப் பிறகு வாய் கசந்து கிடப்பவருக்கு இப்படிப்பட்ட உணவுதான் முதலில் பிடிக்கும்.

இது மருந்தா என்று பலர் கேட்பதுண்டு. சூடான கோழி சூப் மூக்கடைப்பைச் சற்று இளக்கும் என்று 1978ல் அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. 2000ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் கோழி சூப்பை ரத்த வெள்ளணுக்களோடு வைத்துச் சோதித்தார்கள். அதுவும் ஆய்வுக்கூடத்தில் நடந்ததே தவிர நோயாளிகளிடம் இல்லை. ஆகவே இதை நல்ல உணவாக மட்டும் எண்ணிக் கொடுங்கள், மாத்திரையை நிறுத்தவேண்டாம்.

உம்மாவின் விஷயத்தில் நான் கவலைப்படுவது உப்பைப் பற்றித்தான். தம்பி அனுப்பிய சூப் கட்டியைத் தொடவே வேண்டாம். அந்த வகைக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி உப்பு. 10 கிராம் கட்டி ஒன்றைப் போட்டால் கிட்டத்தட்ட 5 கிராம் உப்பு சேரும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குக் கீழேதான். அடுத்தது தண்ணீர். நம் கடற்கரையில் கிணறும் போரும் பல இடங்களில் உவர்ப்பு. ஒன்றரை லிட்டர் தண்ணீர் வற்றி ஒரு லிட்டராகும்போது அதிலுள்ள உப்பு அப்படியே தங்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. சூப்புக்குக் காவிரித் தண்ணீரையோ விலைக்கு வாங்கும் நல்ல தண்ணியையோ ஊற்றுங்கள். நாக்குக்கு உறைப்பாக ஏதாவது வேண்டும் என்று கருவாடோ ஊறுகாயோ கேட்பார், இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். எலும்போடு அரைக் கிலோ கோழி, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், நான்கு பல் பூண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியர்கள் வெங்காயம், கேரட்டோடு செலரித் தண்டையும் பொடியாக நறுக்கி ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் நிறம் மாறாமல் வதக்குவார்கள். மணமெல்லாம் அந்த வதக்கலில்தான். செலரி கிடைக்காவிட்டால் கொத்தமல்லித் தண்டைப் போடுங்கள், ஆலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் நல்லெண்ணெய் போதும். பிறகு பூண்டையும் கோழியையும் போட்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறு தீயில் வையுங்கள். பிராய்லர் என்றால் முக்கால் மணி நேரம், நாட்டுக்கோழி என்றால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். குக்கரில் வைத்தால் சாறு கலங்கலாக இருக்கும், சத்துக்குக் குறைவில்லை. கோழியை எடுத்து எலும்பை நீக்குங்கள், சிறு எலும்பு ஒன்றுகூடத் தங்கக்கூடாது. கொதிக்கும் சாற்றில் இரண்டு கைப்பிடி பாஸ்தாவைப் போட்டுக் குழையவிடுங்கள். பாஸ்தா தீர்ந்துபோனால் சேமியாவை ஒடித்துப் போடலாம், அதுவும் கோதுமைதான். பிய்த்த கறியைத் திரும்பப் போட்டு மிளகுத்தூள் தூவி, எல்லாம் முடிந்த பிறகு சுவை பார்த்துக் கால் தேக்கரண்டி உப்பு போடுங்கள். நான்கு பேருக்கு வரும். எலுமிச்சை பிழிந்தால் உப்புக் குறைவு தெரியாது, செத்த நாக்கும் கொஞ்சம் விழிக்கும்.

ரோம் பக்கத்தில் இதே சாற்றில் முட்டையை அடித்து மெல்ல ஊற்றுவார்கள், அது நூல் நூலாகத் திரளும். உம்மாவுக்கு அது ரொம்ப நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் கூடும். முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும்.

தம்பி அனுப்பியது பார்மசான் சீஸ் என்றால் ஒரு தேக்கரண்டி துருவிப் போடலாம். அன்று தனியாக உப்பு வேண்டாம். அசல் பார்மசானைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். ஹலால் பார்க்கும் வீடாக இருந்தால் அட்டையைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சீஸ் இல்லாமலும் இந்தச் சூப் நன்றாகவே இருக்கும்.

மீந்ததை அடுப்படியில் இரவு முழுக்க வைத்து, காலையில் சூடுபண்ணிக் கொடுக்கவே கூடாது. இந்த ஊர் வெக்கையில் சில மணி நேரத்தில் கிருமி பெருகும், சில கிருமிகள் விடும் நஞ்சு சுடவைத்தாலும் அழியாது. அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ நன்றாகக் கொதிக்கவைத்துத் தீர்த்துவிடுங்கள்.

ஒரேயடியாகப் பெரிய கிண்ணத்தில் வைத்தால் பார்த்ததுமே வேண்டாம் என்பார். சின்னக் கப்பில் காலை பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று கொடுங்கள். மதியச் சோற்றை அவரால் முடிந்த அளவு சாப்பிடட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கவேண்டும். குடிக்கும்போது புரையேறி இருமினால் என்னிடம் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் எடை ஏறாமல் மேலும் குறைந்தாலோ, காய்ச்சல் திரும்பினாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அழைத்து வாருங்கள். மூச்சு வாங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வரும்போது உம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.