மிட்டாய் டப்பாவை மூடி வையுங்கள்

கேள்வி: உயர்நிலை 2 தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஆறு வகுப்புகளிலிருந்து 17 பேர் வருகிறார்கள். பாதிப் பேர் தாமதம். வீட்டுப்பாடம் கேட்டால், “என்ன தருவீங்க?” என்கிறார்கள். ஸ்டிக்கர், மிட்டாய் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. கண்டித்தால் ஒரு மாணவன் எதிர்த்துப் பேசுகிறான். – ஆசிரியை, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மிட்டாயை நிறுத்துங்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது. முன்கூட்டியே சொல்லாமல் பரிசு பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. பிடித்த வேலைக்கே இந்தக் கதி!

உங்கள் சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. 2017 முதல் நம் பள்ளிகளில் பிள்ளைகளே தினமும் துப்புரவு வேலை செய்கிறார்கள். அதனால் தங்கள் சொந்த வகுப்பறை மீது ஒரு பொறுப்பு வருகிறது. தமிழ்ப் பாடத்துக்கு வந்து உட்காரும் அறையோ வேறு யாருடையதோ. அங்கே அவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிக்கு என்ன பொறுப்பு?

எதிர்த்துப் பேசும் அந்த மாணவனிடம் உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள். வெள்ளைப் பலகை துடைப்பதெல்லாம் வேலையில்லை. வாய்மொழிப் பயிற்சிக்கான காணொளியை ஓட்டுவதும் நேரம் பார்ப்பதும் அவன் கையில். அவன் வராவிட்டால் நீங்கள் கணினியைத் தொடாதீர்கள். இதுதான் கடினம். என் வகுப்பில் ஒருமுறை நான்கு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மெதுவாக நடந்து வந்தவனிடம் ஒரு மாணவி, “உனக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்” என்றாள். நான் வாயே திறக்கவில்லை. அடுத்த பாடத்துக்கு எனக்கு முன்னால் வந்து நின்றான்.

அவன் மீண்டும் எதிர்த்துப் பேசினால் பதிலுக்குப் பதில் வேண்டாம். பார்க்க ஆள் இருந்தால் எந்தப் பதின்ம வயதுப் பிள்ளையும் இறங்கி வரமாட்டான். “பாடம் முடிந்ததும் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு நடத்துங்கள். ஆனால் முடிந்ததும் கட்டாயம் பேசுங்கள். திங்கட்கிழமை தருவதாகச் சொன்ன கட்டுரையையும் திங்கட்கிழமையே திருத்திக் கொடுங்கள். மரியாதைக்கு அவர்கள் கணக்குப் பார்ப்பது இதைத்தான்.

தாமதத்துக்கு முதலில் அவர்களின் கால அட்டவணையைப் பாருங்கள். திடலில் உடற்கல்வி முடிந்து, உடை மாற்றி, நான்காம் மாடிக்கு ஏறி வரும் பிள்ளையைத் திட்டி என்ன பயன்?