ராயல் ஓக்கைப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள்

கேள்வி: மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது 2008இல் வாங்கிய சுவிஸ் கம்பெனி ஓடமார் பிகேயின் ராயல் ஓக் வாட்ச், மாடல் 15300, ஸ்டீல், நீல டயல், இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்திலும் செயினிலும் பொடிப்பொடியாக நிறையக் கீறல்கள். பக்கத்துக் கடைக்காரர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன், விற்றால் விலையும் கூடும் என்கிறார். விற்கும் எண்ணம் இல்லை. ஆவணியில் தங்கை கல்யாணம், அன்றைக்குக் கட்டிக்கொள்ள ஆசை. கொடுக்கலாமா? கோவையிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், வேறு எந்த வாட்ச்சையும்விட இதில் பாலிஷ் செய்யும் சேதம் அதிகம், செய்தபின் திரும்ப வராது. உங்கள் வாட்ச்சை ஜன்னலோரம் வெயிலில் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அந்த எட்டு மூலை வளையத்தை நாங்கள் பெசல் என்போம். அதன் மேல்பரப்பு பளபளக்காது, மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும் மேட் பரப்பாக இருக்கும். அதன் ஓரத்தில் சரிவாக ஒரு பட்டை வெட்டியிருப்பார்கள், அது மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும். இரண்டும் சேரும் இடம் கத்தியால் கோடு போட்டதுபோல இருக்கும். வாட்ச்சின் உடற்கூடான கேஸின் பக்கவாட்டிலும் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் இதே வேலைதான், மேட், மின்னும் பட்டை, மறுபடி மேட். இந்த வாட்ச்சின் அழகு முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. நம்மூர்க் கோயில் மண்டபத்தில் எட்டுப்பட்டைத் தூண் பார்த்திருப்பீர்கள். அதன் விளிம்புகளைத் தேய்த்து மழுக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? ஒரு உருளைக் கல் மிஞ்சும்.

கடைக்காரர் வைத்திருப்பது மோட்டாரில் சுற்றும் துணிச்சக்கரம். அதில் மெழுகு மாதிரி ஒரு பாலிஷ் கட்டியைத் தடவி வாட்ச்சை அழுத்துவார். துணி மெத்தென்று இருப்பதால் தட்டையான இடத்தைவிட விளிம்பைத்தான் அதிகம் தின்னும். இரண்டு மணி நேரம் கழித்து வாட்ச் பளபளவென்று வரும், நீங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுப்பீர்கள், ஆனால் அந்தக் கோடு போயிருக்கும். அதற்கு மேல் மேட் வேண்டும் என்று உப்புத்தாளை இழுப்பார்கள், அந்தக் கோடுகள் பட்டைமீதும் ஏறிவிடும். தொழிற்சாலையில் இதைத் தட்டையான தகட்டில் வைத்து, கோணம் பார்த்து, ஒவ்வொரு பரப்பாகத் தனித்தனியாகச் செய்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இந்த வாட்ச் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கையில் இருப்பது என்ன என்று புரியும். 1972இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர வாட்ச் கண்காட்சியில் முதல் ராயல் ஓக் வெளிவந்தபோது விலை 3,300 சுவிஸ் பிராங்க், அந்தக் காலத்தில் பல தங்க வாட்ச்சுகளைவிட அதிகம், ஆனால் வாட்ச் ஸ்டீல், நம் வீட்டு எவர்சில்வர் வகை. வரைந்தவர் ஜெனீவாக்காரர் ஜெரால்ட் ஜென்டா. ஒரே இரவில் வரைந்தேன், கடலில் முக்குளிப்பவர்களின் பழைய பித்தளைத் தலைக்கவசத்தைப் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஸ்டீலை இத்தனை கூராக வெட்டுவது அப்போது அவ்வளவு சிரமமாக இருந்ததால் மாதிரி வாட்ச்சுகளை வெள்ளைத் தங்கத்தில் செய்து பார்த்தார்கள். தங்கம் ஸ்டீலைவிட மென்மையானது, வெட்டுவது சுலபம். ஸ்டீலுக்கு அவ்வளவு விலை வைக்க முடிந்தது உலோகத்துக்காக இல்லை, அதன்மேல் கைவேலை செய்த விளிம்புகளுக்காக. அதைத்தான் உங்கள் கடைக்காரர் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு தேய்த்து எடுக்கப் பார்க்கிறார்.

விலை கூடும் என்பதும் பொய். விவரம் தெரிந்த வாங்குபவர் முதலில் பார்ப்பதே விளிம்பைத்தான். கீறல் இருந்தாலும் விளிம்பு கூராக இருந்தால் நல்ல விலை கொடுப்பார், பளபளவென்று மழுங்கியிருந்தால் தள்ளி வைத்துவிடுவார். இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. இடைத்தரகர்கள் சிலர் முதலில் "ஐயோ, இவ்வளவு கீறலா, பாலிஷ் போடாமல் யாரும் தொடமாட்டார்கள்" என்று பயமுறுத்துவார்கள், நீங்கள் சோர்ந்துபோனதும் அப்படியே நானே எடுத்துக்கொள்கிறேன் என்று பாதி விலை சொல்வார்கள். வாங்கிய வாட்ச்சைப் பாலிஷ் போடாமல் அப்படியே வெளிநாட்டு ஆளுக்கு முழு விலைக்கு விற்பார்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்பாவின் வாட்ச்சை இப்படித்தான் இழந்தார், கண் கலங்கி உட்கார்ந்திருந்தார், என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. பெட்டியும் ரசீதும் மாமாவிடம் இருந்தால் இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்த எட்டு ஸ்குரூ. பெசலில் தெரியும் எட்டும் பார்வைக்குத்தான் ஸ்குரூ. உண்மையில் அவை அறுகோணத் தலை கொண்ட வெள்ளைத் தங்கப் போல்ட்டுகள், தலை அதே வடிவக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், அதனால் முன்பக்கம் இருந்து திருகினால் சுற்றாது. கழற்றுவது பின்பக்கம் இருந்து. அதனால்தான் எட்டின் வரிப்பள்ளமும் வட்டத்தைத் தழுவி ஒரே ஒழுங்காக நிற்கின்றன. ஆளுக்கொரு திசையில் நிற்கும் ராயல் ஓக்கை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். உங்கள் வாட்ச்சில் ஒருவர் ஸ்குரூடிரைவரை முன்பக்கம் வைத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள், தங்கம் உடனே கீறிக்கொள்ளும், இந்த வாட்ச்சின் உள்ளே அவருக்கு வேலை இல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உலோகத்தில் கை வைத்தாக வேண்டும், இதைக் கவனமாகப் படியுங்கள். பெசலுக்கும் கேஸுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரியும், அது ரப்பர் வாஷர், தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது. நம் ஊர் வெயிலுக்கு வியர்வை கொஞ்சமா? அந்த உப்பு வாஷருக்கும் ஸ்டீலுக்கும் இடையே இடுக்கில் தங்கி வருடக்கணக்கில் ஊறும். நல்ல ஸ்டீலே ஆனாலும் இடுக்கில் உப்பு நின்றால் குழி விழும், வெளியே ஒன்றும் தெரியாது. வாஷர் உட்காரும் இடத்தில் குழி விழுந்துவிட்டால் புது வாஷர் போட்டாலும் அடைப்பு நிற்காது, ஈரம் உள்ளே போகும், டயல் பாழாகும். அப்படி இருந்தால் அந்தக் குழியை லேசரால் அதே ஸ்டீலை வைத்து நிரப்பி, அந்த இடத்தை மட்டும் சமன் செய்ய வேண்டும். வெளிப் பரப்பைத் தொடத் தேவையில்லை. ஆனால் இதைச் சாக்காக வைத்து "உள்ளே துரு இருக்கிறது, மொத்தமாகப் பாலிஷ் போட வேண்டும்" என்று எவராவது சொன்னால், வாட்ச்சைக் கழற்றிய நிலையில் போட்டோ கேளுங்கள். போட்டோ வராவிட்டால் அங்கே வேலையைக் கொடுக்காதீர்கள். வியர்வைக்கை உள்ளவர்கள் வாரம் ஒருமுறை அந்த இடுக்கை ஈரத்துணியால் துடைத்தாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பாலிஷைவிட உங்களுக்கு அவசரமானது சர்வீஸ். 2008இல் வாங்கியது, இடையில் திறந்தார்களா என்று மாமாவிடம் கேளுங்கள். திறக்கவில்லை என்றால் எண்ணெய் காய்ந்திருக்கும், வாஷர்களும் இறுகிப்போயிருக்கும். பின்பக்கக் கண்ணாடி வழியாகத் கை அசைவில் வாட்ச்சுக்குச் சாவி கொடுக்கும் தங்க எடைத்தகடு சுழல்வதைப் பார்த்து நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள், எண்ணெய் இல்லாமலும் சில காலம் ஓடும், பல் தேய்ந்துகொண்டே ஓடும்.

இங்கேதான் எனக்கும் எரிச்சல் வருகிறது. இந்தப் பெரிய கம்பெனிகள் வெளியில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு உதிரி பாகம் தருவதில்லை. முப்பது வருடம் இதே வேலை செய்தவனானாலும் ஒரு வாஷருக்குக் கையேந்தி நிற்க வேண்டும். வாடிக்கையாளர் வாட்ச்சைக் கம்பெனிக்கே அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த எரிச்சலில்தான் மக்கள் பக்கத்துத் தெருவில் துணிச்சக்கரம் வைத்திருப்பவரிடம் போகிறார்கள். கம்பெனிக்கே அனுப்புங்கள், வேறு வழியில்லை. ஆனால் அனுப்பும்போது படிவத்தில் "பாலிஷ் வேண்டாம்" என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது, முழு சர்வீஸ் என்றாலே வெளிப்புறத்தையும் புதிதாக்குவது என்று எடுத்துக்கொள்ளும் இடங்கள் நிறைய. அனுப்பும் முன் நான்கு பக்கமும் வெயிலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணிக்குள் திரும்ப வராது, அதனால் கல்யாணம் முடிந்தபின் அனுப்புங்கள். இப்போதைக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது: வாஷர் நிலை தெரியாததால் குழாயடியில் பிடிக்க வேண்டாம், 50 மீட்டர் ஆழம்வரை தண்ணீர் புகாது என்று போட்டிருந்தாலும் பிடிக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி குழந்தை சோப்பு, பழைய மெத்தென்ற டூத் பிரஷ்ஷை நனைத்து உதறி, செயினின் கண்ணி இடுக்குகளைத் தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள். வெள்ளிப் பாத்திரம் துடைக்கும் துணி எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள், அதில் தேய்க்கும் பொடி இருக்கும். இத்தனை வருட அழுக்கு போனாலே பாதிக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, மிச்சமும் கையில் கட்டி ஓரடி தள்ளிப் பார்த்தால் மேட் கோடுகளோடு கலந்துவிடும்.

செயின் உங்கள் கைக்குத் தளர்வாக இருந்தால் கண்ணி எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்த கண்ணியையும் அதன் ஆணியையும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள், வாங்காமல் கடையைவிட்டு இறங்காதீர்கள். தனியாக அந்தக் கண்ணி ஒன்றுக்கே சந்தையில் நல்ல விலை இருக்கிறது, அது தெரிந்துதான் சிலர் மேஜை டிராயரில் போட்டுக்கொள்கிறார்கள்.