கொத்தவரை விதையும் எண்ணெய்க் கிணறும்

வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல ஆண்டுகள் துரப்பண (கிணறு துளைக்கும்) மேடைகளில் சேற்றுக் கரைசலைக் கவனிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால், சேற்றைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அடியில் பெரிய எண்ணெய் ஏரி ஒன்று இருப்பதாகத் தாத்தா சொல்கிறார். உண்மைதானா? (மாணவி, புவனகிரி)

எண்ணெய் இருப்பது உண்மை, ஏரி இல்லை. தீபாவளிக்கு அதிரசம் சுடும்போது, வாணலியிலிருந்து எடுத்ததும் இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவதைப் பார்த்திருப்பாய். வெளியில் பார்த்தால் அதிரசம் திடப்பொருள்தான். அழுத்தினால் சொட்டுச் சொட்டாக எண்ணெய் வடிகிறது. மணற்பாறையும் அப்படித்தான் தன் மணிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய துளைகளில் எண்ணெயை வைத்திருக்கிறது. இந்தியா கிழக்குக் கோண்டுவானா என்ற பழங்காலப் பெருநிலப்பகுதியிலிருந்து பிரிந்தபோது நம் கரையோரம் பிளந்து தாழ்ந்த பள்ளமே காவிரிப் படுகை. அதில் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேறும் நுண்ணுயிர்களின் எச்சமும் படிந்து, புதைந்து, சூடேறி எண்ணெயாயின. அந்த எண்ணெய் மெல்ல மேல்நோக்கி நகர்ந்து, மேலே ஊடுருவ முடியாத களிப்பாறை மூடிபோல அமைந்திருந்த இடங்களில் தங்கிவிட்டது. உன் ஊரின் பெயரிலேயே ஒரு மணற்பாறை அடுக்கைப் புவியியலாளர்கள் 'புவனகிரி அடுக்கு' என்று குறிப்பிடுகிறார்கள். தாத்தாவிடம் அதைச் சொல். ஏரி இல்லாத வருத்தம் குறையும்.

கேள்வி: என் நிலத்தில் 300 அடிக்குப் போர் போட இரண்டு நாள் ஆயிற்று. எண்ணெய்க் கிணறு மூன்று கிலோமீட்டர் ஆழம் போகிறதாமே, துளை சரிந்து மூடிக்கொள்ளாதா? (விவசாயி, பாகூர்)

உங்கள் போருக்கும் அந்தக் கிணற்றுக்கும் அடிப்படை ஒன்றே. குழாயின் முனையில் பல் வைத்த 'பிட்' சுழன்று பாறையை நொறுக்குகிறது. குழாயின் உள்ளே இறக்கப்படும் கரைசல் பிட்டின் வாய் வழியாகப் பீறிட்டு, நொறுங்கிய துகள்களை அள்ளிக்கொண்டு குழாய்க்கு வெளிப்புறமாக மேலே வருகிறது. சென்ற கோடையில் பாகூர் ஏரிப் பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்தில் போர் போட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தரையில் வெட்டிய இரண்டு குழிகளுக்கிடையே சேறு சுற்றிக்கொண்டிருந்தது. ரிக் ஓட்டுபவர் அவ்வப்போது கையை விட்டு, விரலிடுக்கில் சேற்றைத் தேய்த்துப் பார்த்து, "இன்னொரு மூட்டை போடு" என்றார். மூட்டையில் இருந்தது பென்டோனைட் களிமண். அது கிடைக்காத காலத்தில் கைபோர் போடுபவர்கள் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். எண்ணெய் மேடையில் இதே சோதனைக்கு ஒரு புனல் வைத்திருந்தோம். ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் அதில் வடிய 26 நொடி ஆகும். சேறு அதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளும். பாகூர்க்காரரின் விரலிலும் அந்தப் புனல் இருந்தது என்றே எனக்குத் தோன்றியது.

துளை சரியாமல் இருப்பதற்கான விடை அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. களிமண் துளையின் சுவரில் தோசை மாவுபோல ஓர் ஏடாகப் படிந்து நீர் பாறைக்குள் ஒழுகாமல் தடுக்கிறது. சேற்றின் எடையோ சுவரை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற கணக்கில் 3,000 மீட்டர் ஆழத்தில் பாறைத் துளைகளிலுள்ள நீரும் எண்ணெயும் வாயுவும் சுமார் 300 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. சில அடுக்குகளில் அதைவிட அதிகம். அதை எதிர்த்து நிற்கப் போதுமான கனம் சேற்றுக்கு வேண்டும் என்பதற்காகப் பேரைட் என்ற கனத்த கனிமத்தைப் பொடித்துக் கலப்போம். ஆந்திரத்தின் கடப்பை வட்டாரத்தில் மங்கம்பேட்டையில் அது மலையளவு கிடைக்கிறது. கனம் குறைந்தால் வாயு உள்ளே நுழைந்து மேலே கிளம்பிவிடும்; கூடினால் பாறையே பிளந்து சேறு அதற்குள் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒற்றையடிப் பாதையில் நடப்பதுதான் எங்கள் வேலை. தவறினால் என்ன ஆகும் என்பதை 1995 ஜனவரியில் கோதாவரிக் கழிமுகத்தில் பாசர்லபுடிக் கிணறு காட்டியது. அங்கே வாயு பீறிட்டுப் பற்றிய தீ இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்தது.

சேறு தற்காலிகக் காவல்தான். குறிப்பிட்ட ஆழம் வந்ததும் துளையில் எஃகுக் கேசிங் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சிமென்டுக் கூழைக் கீழிருந்து மேலாக ஏற்றி இறுக விடுவார்கள். பிறகு அதைவிடச் சிறிய பிட்டை அதன் வழியே அனுப்பி மேலும் தோண்டுவார்கள். சீர்வரிசை அடுக்குப் பாத்திரம்போல ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள் குறுகிக்கொண்டே போகும். 17½ அங்குலத் துளையில் 13⅜ அங்குலக் குழாய் என்பது உலகெங்கும் வழக்கமான ஓர் அளவு. அதாவது சுற்றிலும் இரண்டு அங்குலச் சிமென்டு. இந்த இரண்டு அங்குலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு பதிலில் அதற்கு வேலை இருக்கிறது.

பிட் தேய்ந்தால் மூன்று கிலோமீட்டர் குழாயையும் வெளியே எடுத்தாக வேண்டும். மூன்று மூன்று குழாய்களாக, சுமார் 27 மீட்டர் நீளத் துண்டுகளாகக் கழற்றிக் கோபுரத்தில் சாய்த்து வைப்பார்கள். எண்ணெய்க் கிணற்றுக் கோபுரம் அவ்வளவு உயரமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகன், பாறையைத் தண்ணீரால் உடைத்து எண்ணெய் எடுப்பதாகச் சொல்கிறான். தண்ணீர் எப்படிப் பாறையை உடைக்கும்? (வாசகி, கடலூர் முதுநகர்)

மணற்பாறையில் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் கிணறு தோண்டியதும் எண்ணெய் ஓடிவருகிறது. எண்ணெய் பிறந்த இடமான களிப்பாறை அப்படியல்ல. அதில் எண்ணெயும் வாயுவும் நிறைய உண்டு. வெளியேற வழி இல்லை. அந்த வழியை உண்டாக்குவதே நீரழுத்த விரிசல் முறை. உங்கள் மகன் ஃப்ராக்கிங் என்று சொல்லியிருப்பார்.

முதலில் கிணற்றை நேராக இறக்கி, களிப்பாறை அடுக்கை நெருங்கும்போது மெல்ல வளைத்து, அந்த அடுக்குக்குள்ளேயே கிடைமட்டமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் கொண்டு செல்கிறார்கள். எஃகுக் குழாய் எப்படி வளையும் என்று பலரும் கேட்பதுண்டு. வளைவு சில நூறு மீட்டர் தூரத்துக்குப் பரவியிருப்பதால் ஒவ்வொரு குழாயும் வளைவது கண்ணுக்கே தெரியாது. பிறகு சிறு வெடிப்பொருள்களால் கேசிங்கையும் சிமென்டையும் துளைத்துப் பாறைக்கு வழி திறக்கிறார்கள். அந்தத் துளைகள் வழியே வரிசையாக நிற்கும் பம்பு லாரிகள் தண்ணீரைச் செலுத்தும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 9,000 பவுண்டு வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு என்றால் இது அதைப்போல 300 மடங்கு. பாறை தன் மேலுள்ள சுமையையும் தன் உறுதியையும் மீறிய அந்த அழுத்தத்தில் பிளக்கிறது. பிளவின் அகலம் சில மில்லிமீட்டர்தான். நீளமோ நூறு மீட்டரைத் தாண்டும்.

பம்பை நிறுத்தினால் பிளவு மூடிக்கொள்ளும் அல்லவா? அதற்காகத்தான் தண்ணீரோடு மணலையும் அனுப்புகிறார்கள். கதவு சாத்திக்கொள்ளாமல் இடுக்கில் கட்டை வைப்பதுபோல மணல்மணிகள் பிளவைத் திறந்து வைத்திருக்கின்றன. இங்கே நம் சமையலறைக் காய் ஒன்று உள்ளே வருகிறது. வெறும் தண்ணீரில் மணல் அடியில் தங்கிவிடும். அதைச் சுமந்து செல்லத் தண்ணீர் கெட்டியாக வேண்டும். கெட்டியாக்கப் பயன்பட்ட பொருள்களில் முதன்மையானது குவார் கோந்து. அதாவது நாம் பருப்பு உசிலி செய்யும் கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுக்கும் பசை. உலகின் கொத்தவரை விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவுடையது, அதிலும் ராஜஸ்தானுடையது. 2012 வாக்கில் அமெரிக்கக் கிணறுகளின் பசியால் கொத்தவரை விதையின் விலை தலைகால் தெரியாமல் ஏறியது. வேலை முடிந்ததும் நொதி போன்ற பொருள் அந்தப் பசையை உடைத்து மீண்டும் தண்ணீராக்கிவிடும். மணல் உள்ளே தங்கும், நீர் திரும்பி வரும். களிப்பாறையில் பல இடங்களில் இப்போது பசையைக் குறைத்து, உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள் சேர்த்த மெல்லிய நீரையே பயன்படுத்துகிறார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1947-இல் கன்சாஸ் மாநிலத்தின் ஹுகோட்டன் வயலில் கெட்டியாக்கிய பெட்ரோலை வைத்து முதல் சோதனை நடந்தது. 1949 மார்ச்சில் ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் வணிக முறையில் தொடங்கியது. 1990-களின் இறுதியில் டெக்சாஸின் பார்னெட் களிப்பாறையில் ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் மெல்லிய நீர் முறையில் வெற்றி கண்ட பிறகு, அது கிடைமட்டத் துரப்பணத்தோடு சேர்ந்தபோதுதான் உலகச் சந்தையே மாறியது.

கேள்வி: நெய்வேலிக்கு அருகில் வசிக்கிறோம். பாறையை உடைத்தால் எங்கள் நிலத்தடி நீர் கெடும் என்கிறார்கள். கெடாது என்றும் சொல்கிறார்கள். யாரை நம்புவது? (ஆசிரியர், குறிஞ்சிப்பாடி)

இரு தரப்பும் பெரும்பாலும் தவறான இடத்தில் நின்று சண்டையிடுகிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே உண்டாகும் பிளவு அத்தனை பாறையையும் கிழித்துக்கொண்டு 300 மீட்டரிலுள்ள உங்கள் நீர்த்தாரைக்கு (நிலத்தடி நீர் அடுக்குக்கு) வருவது மிகவும் அரிது. ஆனால் அந்தப் பிளவுக்குப் போகும் கிணறு உங்கள் நீர்த்தாரையைக் குத்திக்கொண்டுதான் இறங்குகிறது. அங்கே வாயுவுக்கும் நல்ல தண்ணீருக்கும் நடுவில் நிற்பது எஃகுக் குழாயும், நான் முன்பு சொன்ன அந்த இரண்டு அங்குலச் சிமென்டும்தான். குழாய் நடுவில் நில்லாமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் சிமென்டு மெலியும். சேற்றின் ஏடு சரியாகக் கழுவப்படாவிட்டால் சிமென்டு பாறையைப் பற்றாது. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து 11 பேர் உயிரிழந்த விபத்திலும் அடியில் போட்ட சிமென்டு தாங்காமல் போனது ஒரு முக்கியக் காரணம். ஆகவே யாராவது உங்கள் ஊருக்கு விளக்கக் கூட்டம் நடத்த வந்தால், பிளவின் நீளத்தைக் கேட்காதீர்கள். கேசிங் எத்தனை அடி, சிமென்டு தரைவரை வந்ததா, சிமென்டு நன்றாகப் பற்றியிருக்கிறதா என்று பார்க்கும் ஒலி அலைச் சோதனையின் பதிவு எங்கே என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வி தண்ணீரைப் பற்றியது. ஒரு கிணற்றுக்கு ஏறத்தாழ 57 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர் வரை செலவாவதாக அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை சொல்கிறது. உயர் அளவை எடுத்துக்கொண்டால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 5,000. திரும்பி வரும் நீரோ கடல்நீரைவிட உப்பாக இருக்கக்கூடும். பாறையிலிருந்து பேரியம், ரேடியம் போன்றவற்றையும் கரைத்துக்கொண்டு வரும். அது தேங்கும் குட்டையின் விரிப்பு கிழிந்தாலோ லாரி கவிழ்ந்தாலோ கெடுவது மேல்நிலத்து நீர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் வெளியிட்ட அறிக்கையும் கசிவு, பழுதான கிணறு, கழிவுநீர் என்ற இந்த வழிகளைத்தான் சுட்டியது. நெய்வேலிக்காரர்களுக்கு ஒன்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை: பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு கிடக்கும் நீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கத் தளம் புடைக்காமல் இருக்கும். அப்படி ஏற்கெனவே இறைக்கப்படும் ஒரு நீர்த்தாரையின் பக்கத்தில் இன்னொரு பெரிய தாகத்தைக் கொண்டுவந்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: இந்த முறையால் நிலநடுக்கம் வருமா? (கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

விரிசல் உண்டாக்கும்போது ஏற்படும் அதிர்வுகள் பெரும்பாலும் கருவிக்கு மட்டுமே தெரியும்; சில நாடுகளில் உணரத்தக்கவையும் வந்துள்ளன. ஓக்லஹோமாவில் 2016-இல் பானி ஊரருகே வந்த 5.8 அளவு நிலநடுக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது கழிவுநீரை ஆழக் கிணறுகளில் திரும்பச் செலுத்தியது. அந்த நீர் பழைய பாறைப் பிளவுகளில் அழுத்தத்தைக் கூட்டி அவற்றை வழுக்கச் செய்துவிட்டது.

கேள்வி: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும் எங்கள் பக்கம் புதிய கிணறு தோண்ட முடியுமா? (மீனவர், பரங்கிப்பேட்டை)

2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய அந்தச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் இடம்பெற்றன. அங்கே எண்ணெய், இயற்கை எரிவாயு, களிப்பாறை வாயு ஆகியவற்றுக்குப் புதிதாகத் துரப்பணம் செய்யத் தடை. ஏற்கெனவே இயங்கிவந்தவற்றை அச்சட்டம் தொடவில்லை. மாவட்டத்தின் மற்ற ஒன்றியங்கள் பட்டியலில் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் வேறு ஆட்சிப் பகுதி. உங்கள் வலை விழும் கடலும் அதன் எல்லைக்குள் வராது. மேலும் 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த கொள்கைப்படி ஒரே உரிமத்தில் எல்லா வகை ஹைட்ரோகார்பனையும் எடுக்கலாம். ஆகவே ஒரு நிறுவனம் உரிமம் பெற்றது என்ற செய்தியைப் பார்த்து அது எந்த முறையில் எடுக்கும் என்பதைச் சொல்லிவிட முடியாது.

கேள்வி: எண்ணெய் தீர்ந்த கிணற்றை என்ன செய்வார்கள்? (வாசகர், நெல்லிக்குப்பம்)

வற்றிய போரைச் சாக்கு போட்டு மூடுவதுபோல விட முடியாது. எண்ணெய் அடுக்குக்கு நேராகவும், நன்னீர் அடுக்குக்குக் கீழேயும், தரைக்கு அருகிலும் சிமென்டு அடைப்புகளை வைத்து, ஒவ்வொன்றின்மீதும் அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டு, கேசிங்கை நிலமட்டத்துக்குச் சில அடி கீழே அறுத்து, மேலே எஃகுத் தகட்டைப் பற்றவைத்து மண்ணிட்டு மூடவேண்டும். பிறகு அதன்மேல் நெல் நடலாம். கிணறு இருந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வைப்பது முக்கியம். பல ஆண்டுகள் கழித்துப் பக்கத்தில் ஒருவர் புதிய கிணறு தோண்டி அழுத்தம் கொடுக்கும்போது, அந்த அழுத்தம் மேலே வர முதலில் தேடும் வழி சரியாக அடைக்கப்படாத இந்தப் பழைய துளையாகத்தான் இருக்கும்.