கைபேசியில் கிளிக் அதிகம் என்றால் கவனமும் அதிகமா?

கேள்வி: எங்கள் இணைய விளம்பரத்துக்குக் கைபேசியில்தான் கிளிக் குவிகிறது, கணினியில் சொற்பம். மொத்தப் பணத்தையும் கைபேசிக்கே மாற்றச் சொல்கிறார் விளம்பர ஏஜென்சிக்காரர். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கைபேசித் திரையின் அடியில் 320-க்கு 50 பிக்சலில் ஒரு பேனர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மூடும் பெருக்கல் குறியோ எறும்பளவு. குறியை அழுத்தப் போன கட்டைவிரல் விளம்பரத்தை அழுத்திவிடும். உங்கள் பக்கம் திறப்பதற்குள் ஆள் திரும்பிப் போயிருப்பார். ஏஜென்சியின் அறிக்கையில் அதுவும் ஒரு கிளிக். பெரும்பாலும் அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். விளையாட்டு ஆப்களில் வரும் விளம்பரங்களில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். முதலில் அவற்றை நிறுத்தச் சொல்லுங்கள்.

கணினியில் தவறி அழுத்துவது குறைவு. ஆனால் பக்கத்தின் உச்சியும் வலது ஓரமும் விளம்பரத்துக்கான இடம் என்று கண்ணுக்குப் பழகிவிட்டதால் பார்வை அங்கே போவதே இல்லை. ஆய்வாளர்கள் இதை 1998-லேயே எழுதிவிட்டார்கள்.

'பார்க்கப்பட்டது 70 சதவீதம்' என்று காட்டினாலும் மயங்காதீர்கள். பேனரின் பாதி, ஒரே ஒரு விநாடி திரையில் தெரிந்தால் போதும். விளம்பரப் பார்வையை அளக்க விதி வகுக்கும் அமெரிக்க அமைப்பான மீடியா ரேட்டிங் கவுன்சிலின் கணக்குப்படி அது பார்க்கத்தக்கதாகிவிடும். கண் அங்கே போனதா என்று கேட்பாரில்லை. இதை அளவுகோல் என்று வைத்துக்கொண்டு ஒரு துறையே பில் போடுகிறது! இதிலும் ஒரு விலக்கு உண்டு. 2,42,500 பிக்சலோ அதற்கு மேலோ இருந்தால், அதாவது 970-க்கு 250 அளவுள்ள பேனர் முதல், 30 சதவீதம் தெரிந்தாலே கணக்கில் சேரும். முக்கால்வாசி மறைந்திருந்தால் சேராது. எழுபது சதவீதம் மறைந்திருந்தால் சேரும். இவ்வளவு அகலம் கைபேசியில் அடங்காது; கணினியில்தான் வரும். ஆகவே பெரிய பேனரின் சதவீதத்தையும் சின்னப் பேனரின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது ஒப்பிட்டுக் காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. கிளிக் செய்தவர் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்? எந்தத் திரையிலிருந்து விசாரணையும் ஆர்டரும் வந்தன? கைபேசியில் பார்த்துவிட்டுக் கணினியில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் ஆர்டர் கொடுப்பவரிடம் எங்கே பார்த்தீர்கள் என்று வாய்விட்டே கேளுங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். அதைத் திறந்து பார்க்கும் உரிமையைத் தர மறுக்கும் ஏஜென்சிக்கு அடுத்த மாதப் பணம் கொடுக்காதீர்கள்.