தொலைவைப் பார்த்து நேரத்தைக் கணிக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் என்று ஓர் அட்டவணையில் படித்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. பயணச்சீட்டிலோ முதல் நாள் இரவு 11.50க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 5.30க்கு வருகை என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: பயணச்சீட்டைத்தான் நம்ப வேண்டும், ஆனால் அதில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி தரப்பட்டவை. குளிர்காலத்தில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 13 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கடிகாரம் காட்டும் 5 மணி 40 நிமிடத்துடன் அந்த 13 மணியைக் கூட்டினால், பயண நேரம் 18 மணி 40 நிமிடம் என்று தெளிவாகும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைப்பதால், அப்போது 12 மணியைக் கூட்டினால் போதும்.

அப்படியானால் உங்கள் 17 மணி எங்கே தவறியது? வகுத்தலில் பிழையில்லை. நீங்கள் படித்த 15,300 என்பது உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழியின் நீளம். இவ்விரு நகரங்களும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய 180 பாகை எதிரெதிராக இருப்பதால், அந்த வழி சைபீரியாவைக் கடந்து வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்பக் கடினமானதுதான். ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே பறக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நடுக்கோட்டுக்கு வடக்கே, பத்து கிலோமீட்டர் உயரத்தையொட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று என்னும் வேகமான காற்றோட்டம் வீசுகிறது. அது பின்னாலிருந்து தள்ளுமானால், பசிபிக் பெருங்கடலின் மேலாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போவதுகூட விமான நிறுவனத்துக்கு லாபமாக அமையும். 2020 பிப்ரவரியில், வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும் நியூயார்க்–லண்டன் பயணத்தை ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் முடித்தது இந்தக் காற்றின் தயவால்தான். மூடப்பட்ட வான்வெளிகளைத் தவிர்ப்பதாலும் வழி நீள்வதுண்டு. தவிர, சீட்டில் உள்ள நேரம் நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் அதில் சேரும்.

திரும்பும் பயணத்தில் இன்னும் கவனம் தேவை. நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30க்கு ஏறி அதே 18 மணி 40 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் இறங்கும்போது புதன் காலை 6.10 ஆகியிருக்கும். செவ்வாய்க்கிழமைக்கு அறை பதிவு செய்துவிட்டு, ஒரு நாள் வாடகையை வீணாக்குவோர் பலர். அறையைப் புதன்கிழமைக்கே பதிவு செய்யுங்கள். இறங்கிய உடனேயே ஓய்வெடுக்க வேண்டுமானால், அதிகாலையிலேயே அறை தருவார்களா என்று விடுதியில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.