தண்ணீர் வராத போர்: வழக்கு இருக்கட்டும், குழியை மூடினீர்களா?

கேள்வி: மானூர் பக்கம் வீட்டுமனையில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டேன். ‘அண்ணாச்சி, தண்ணி நிச்சயம்’ என்றார் காண்ட்ராக்டர். 620 அடியிலும் புழுதிதான். மண் சரியாமலிருக்கத் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப் 60 அடி என்று பில் எழுதிவிட்டு 40 அடிதான் இறக்கியிருக்கிறார். மீதி 30,000 ரூபாயை நிறுத்திவிட்டேன். வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறார். ஆதாரத்துக்காகக் குழியை அப்படியே விட்டிருக்கிறேன். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: தண்ணீர் வராததற்குக் கிடைக்காது. அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசித் துளை போடச் சொன்னீர்கள், அவர் போட்டார். அடியில் பாறை காய்ந்திருந்தால் அது அவர் குற்றம் இல்லை. வாய்ப்பேச்சை நிரூபிக்கவும் வழியில்லை. வாசலில் போட்ட சத்தத்தை விட்டுவிடுங்கள். உங்கள் கையில் நிற்பது அந்த 20 அடி கேசிங் மட்டுமே. பில்லில் இருப்பதைத் தராதது சேவைக் குறைபாடு.

எனக்குக் கவலை அந்தக் குழிதான். ஆதாரம் என்று திறந்தே விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2014-ல் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் போருக்குள் விழுந்த குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். 2019-ல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் முடியவில்லை. குழியை மூடும் பொறுப்பு நில உரிமையாளருக்கும் உண்டு என்பது உச்ச நீதிமன்றத்தின் 2010 வழிகாட்டுதல். ஒரு உயிர் போனால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. காண்ட்ராக்டர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார், நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது.

இன்றே துளைக்குள் இறக்கும் போர் கேமராவை விட்டுக் கேசிங் ஆழத்தை வீடியோ எடுங்கள், அப்புறம் இரும்பு மூடியைப் போல்ட் போட்டு முறுக்குங்கள். ஆய்வுக்கு ஆள் வந்தால் கழற்றிக் காட்டலாம், ஆதாரம் எங்கும் போகாது.

இன்னொன்று: ஊராட்சி அனுமதி வாங்கினீர்களா? போர் போடும் வண்டியின் பதிவுச் சான்றைப் பார்த்தீர்களா? கடிதத்தில் இரண்டும் இல்லை. வாங்கவில்லை என்றால், வழக்குப் போட்டதும் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கப்போவது அதைத்தான்.

அதனால் சமாதானமாகப் போங்கள். 20 அடி பைப்பின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியை வங்கி வழியாகக் கொடுத்து, ‘இனி பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்குங்கள். அதன்பின் அந்தப் போர் வேண்டாமென்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பிவிடுங்கள். காண்ட்ராக்டர் சமாதானத்துக்கு மறுத்தால் 2 ஆண்டுக்குள் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கேயும் கேசிங் பணத்தை மட்டும் கேளுங்கள்.