துப்பாக்கியா, லோக்கல் ரயிலா?

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கி தவறுதலாக வெடித்துச் சாகிறவர்கள் வருஷத்துக்கு ஐந்நூறு சொச்சம் பேர்தானாம். நம் மும்பை லோக்கலில் இரண்டாயிரத்துக்கு மேல். "அப்படியானால் எது ஆபத்து மாமா?" என்று டெக்சஸில் இருக்கும் என் தங்கை மகன் கேட்கிறான். வாயடைத்துப் போனேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், முலுண்ட், மும்பை

பதில்: டெக்சஸ் தம்பி சொன்ன இரண்டு கணக்கும் சரிதான். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கி விபத்தில் இறந்தவர்கள் 549 பேர். மும்பை புறநகர் ரயில் பாதைகளில் 2023இல் இறந்தவர்கள் 2,500க்கும் மேல். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதே 2021இல், அதே நாட்டில், துப்பாக்கியால் செத்தவர்கள் மொத்தம் 48,830 பேர். அதில் 26,000க்கு மேல் தற்கொலை, ஏறக்குறைய 21,000 கொலை. நூற்றில் ஒன்றைக் கிள்ளி எடுத்து மாமா கையில் கொடுத்துவிட்டு, பாக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அந்த 549உம் முழுக் கணக்கு அல்ல. அப்பாவின் துப்பாக்கியை எடுத்து விளையாடிய பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சுட்டுவிட்டால், சில ஊர்களில் அதைக் 'கொலை' என்றே பதிவு செய்கிறார்கள். விபத்துக் கணக்கில் அது வராது. தடுக்கி விழுந்து சாகிறவர்கள் அங்கே வருஷத்துக்கு 40,000க்கு மேல், துப்பாக்கியெல்லாம் எம்மாத்திரம் என்றுகூடத் தம்பி அடுத்து கேட்பார். ஆனால் விழுந்து இறப்பவர்களில் பெரும்பாலோர் 65ஐத் தாண்டியவர்கள். 2020 முதல் அங்கே 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் உயிரை அதிகம் குடிப்பது துப்பாக்கி. நோயும் காரும் அதற்கு அடுத்துத்தான்.

ரயிலோடு ஒப்பிடுவதற்கு வருவோம். லோக்கலில் தினம் 70 லட்சம் பேருக்கு மேல் போய் வருகிறார்கள். போகாவிட்டால் சம்பளம் இல்லை. அமெரிக்காவிலோ துப்பாக்கி பெரும்பாலும் அலமாரியில் தூங்குகிறது. தூங்கும்போதே இத்தனை சாவு.

ஆனால் தம்பியை மட்டும் குறை சொல்வானேன்? சாவுக் கணக்கைக் கட்டம் மாற்றி எழுதுவது நம் ரயில்வேக்குக் கைவந்த கலை. தடம் புரண்டாலோ மோதினாலோதான் அவர்கள் கணக்கில் 'ரயில் விபத்து'. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டால் அது 'அத்துமீறல்'. அப்படிச் சாகிறவர்கள் நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் என்று 2012இல், ரயில் பாதுகாப்பை ஆராய அரசு அமைத்த அனில் ககோட்கர் குழு எழுதியது. நாகரிகமான எந்தச் சமூகமும் இந்தப் படுகொலையை ஏற்காது என்றும் எழுதியது. நடைமேம்பாலம் இல்லாத இடத்தில் இறங்கி நடந்தவன் அத்துமீறியவன். பாலம் கட்டாதவருக்கு எந்தக் கட்டமும் கிடையாது.

2025 ஜூன் 9ஆம் தேதி மும்ப்ரா அருகே வளைவில், கதவோரம் தொங்கியவர்கள் விழுந்து செத்த பிறகுதான் புது ரயில்களுக்குத் தானியங்கிக் கதவு என்ற அறிவிப்பு வந்தது. ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்தால் சட்டப்படி குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் அவர் டிக்கெட் எடுத்த பயணி என்று முதலில் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியது செத்தவரின் வீட்டார்; அதன் பிறகுதான் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேக்கு. டிக்கெட்டோ பாஸோ கையில் கிடைத்தால் வீட்டாருக்கு வேலை சுலபம். முலுண்டிலிருந்து தினம் ஏறுகிறவர் என்றால் பாஸைப் பையில் வைக்காதீர்கள், கூட்டத்தில் அது எங்கேயாவது போய்விடும். சட்டைப் பைக்குள் வையுங்கள்.